இழுப்பறையில் கிடந்த தாள்



இங்கே அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில், இளையோருக்குச் சிறந்த தொண்டாற்றிய பெரியவர்களுக்கு 1931 முதல் ‘சில்வர் பீவர்’ விருது வழங்கப்படுகிறது. நீலமும் வெள்ளையுமான நாடாவில் கழுத்தில் அணியும் சிறு வெள்ளிப் பதக்கம் அது. அதைத் தமக்கென்று எவரும் கேட்க இயலாது. அருகிருந்து கண்டவரே எழுதவேண்டும். எழுதுவதும் அவருக்குத் தெரியலாகாது.

நம் ஆலய மண்டபத்தில் சாரணர் படையை நடத்திவரும் சகோதரரை நீங்கள் அறிவீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்பித்தவர். கூடாரத்துள் மழைநீர் புகுந்த ஓர் இரவில், தம் கம்பளியை ஒரு சிறுவனுக்குப் போர்த்திவிட்டு, உட்கார்ந்தபடியே விடியக் கண்டவர். அச்சிறுவன் என் மகன். ஆகவே எழுதவேண்டியவன் நானே.

பரிந்துரைத் தாளை வாங்கி இழுப்பறையில் வைத்தேன். உபவாசக் கூட்டம், கன்வென்ஷன், கிறிஸ்துமஸ் என்று ஓராண்டு போயிற்று. (ஊழியப் பளு என்பது போதகருக்கு எப்போதும் கைவசமுள்ள சாக்கு.) அடுத்த மாதம் அவர் குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போகிறார்.

நேற்றிரவு அத்தாளை எடுத்தேன். நான் கண்டது பாதிப் பக்கமும் நிரம்பவில்லை. நீங்கள் கண்டதை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லையென்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், நீங்களும் சொல்லிவிடாதிருங்கள்.