போவமா, போறமா?

போன வருஷம் கற்பிட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். அன்றைக்கு எதிர்காலம் பாடம். 'வில்', 'கோயிங் டு' ரெண்டையும் போர்டில் எழுதி, "அந்த நேரமே எடுக்கிற முடிவுக்கு வில், முதலே எடுத்த முடிவுக்கு கோயிங் டு" என்று விதி சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். வாய் மட்டும் ஒருத்தரும் திறக்கல.

பின்வாங்கில் இருந்த ஒரு பையன்தான் என்னைக் காப்பாற்றினான். அவன்ட வாப்பாவுக்குக் கடல் தொழில். "மிஸ், வாப்பா 'நாளைக்குக் கடலுக்குப் போவன்' எண்டா போகாமலும் விடுவார். 'போறன்' எண்டா வலையும் மண்ணெண்ணெயும் ரெடி. அப்பிடியா?"

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆங்கிலத்தில் விதி இவ்வளவு இறுக்கமில்லை, ஆனால் பேசத் தொடங்க இது போதும்.

விதியை அழித்துவிட்டு விளையாட்டுக்கு மாறினோம். முதலாவது, ஜன்னலால் வானத்தைப் பார்க்கிறது. கருமேகம் தெரிந்தால் 'இட்ஸ் கோயிங் டு ரெய்ன்'. சாட்சி கண்முன்னே இருக்கு. அடுத்தது, "இந்த பேக் பாரமா இருக்கு" என்று நான் சொன்ன உடனே யாராவது 'ஐல் கேரி இட்' சொல்லணும். யோசிக்க நேரமில்லை, அதனால் வில். மூன்றாவது, ரெண்டு பேரிடம் வேறு வேறு வார அட்டவணை. மற்றவர் தாளைப் பார்க்காமல், கேட்டுக் கேட்டே இருவருக்கும் ஓய்வான ஒரு மணித்தியாலத்தைக் கண்டுபிடிக்கணும். 'ஐம் ஹெல்ப்பிங் மை மதர் ஆன் சாட்டர்டே.' ஏற்பாடு முடிந்துவிட்டதால் நிகழ்காலமே எதிர்காலத்துக்கும் உதவுது, எங்கட 'போறன்' மாதிரி. தாளை மறைத்தால்தான் பேச்சு வரும்.

கடைசியாகப் பேட்டி. "ஓஎல் முடிச்சு என்ன செய்யப் போறாய்?" பதில் வந்ததும் ரெண்டாவது கேள்வி கட்டாயம்: "அதுக்கு இதுவரை என்ன செஞ்சிருக்கிறாய்?"

ஒரு பிள்ளை 'ஐம் கோயிங் டு பி எ நர்ஸ்' என்றாள். இலக்கணத்தில் பிழையில்லை. ரெண்டாவது கேள்விக்குத்தான் மௌனமாகிவிட்டாள். பிறகு தமிழில், "எங்கட ஸ்கூல்ல ஏஎல் சயன்ஸ் இல்லயே, மிஸ்."

எனக்கு உம்மும்மா ஞாபகம் வந்தார். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாக வந்து கற்பிட்டிக் கரையில்தான் இறங்கினார்கள். எங்கட குடும்பமும் அப்படி வந்ததுதான். நான் இங்கே பிறந்தவள். ஒவ்வொரு பெருநாளுக்கும் உம்மும்மா, "அடுத்த வருஷம் ஊருக்குப் போவம்" என்பார். 2009இல் யுத்தம் முடிந்தது. அதுக்குப் பிறகும் 'போவம்'தான். 'போறம்' எண்டு சொல்ல அங்கே கூரை வேணும், வாப்பாவுக்குத் தொழில் வேணும். மௌத்தாகும் வரைக்கும் அவர் அந்தச் சொல்லை மாத்தவேயில்லை.

என்னையும் பிள்ளைகள் பேட்டி எடுத்தார்கள். "மிஸ், ஆர் யூ கோயிங் டு கோ பேக் டு மன்னார்?"

'ஐ வில்' என்று வாய் தானாகச் சொன்னது.

பின்வாங்குப் பையன் விடவில்லை. "அதுக்கு இதுவரை என்ன செஞ்சீங்க, மிஸ்?"

ஒண்டுமில்லை. அதைத்தான் சொன்னேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன்.

அடுத்த நாள், புத்தளத்தில் ஏஎல் சயன்ஸ் உள்ள பள்ளிகளின் பெயர்களை விசாரித்து எழுதிக்கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். மன்னார்க் கேள்வி இன்னும் என்னிடமே இருக்கு. நீங்களும் படிப்பிக்கிறவர் என்றால், அந்த ரெண்டாவது கேள்வியை விட்டுவிடாதீங்க. அது உங்களிடமும் திரும்பி வரும்.