பென்ட்ஹவுஸ்: எதற்கு இத்தனை கோடி?

சென்னை ஓஎம்ஆரில் உச்சிமாடி பென்ட்ஹவுஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த நண்பர், "ஹால்ல இருந்தே கடல் தெரியுதுப்பா" என்றார். தெரியட்டும். "யூடிஎஸ் எவ்வளவு?" என்று கேட்டேன். முழித்தார். கட்டடம் நிற்கும் மண்ணில் நம் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்குதான் யூடிஎஸ்.

நாளாக நாளாக விலை ஏறுவது மண்ணுக்குத்தான், கட்டடம் தேயும். அடுக்குகள் கூடக் கூட, தலைக்கு வரும் மண் சுருங்கிக்கொண்டே போகும்.

2016 ரெரா சட்டப்படி பால்கனியும் தனி மொட்டைமாடியும் கார்ப்பெட் ஏரியாவில் சேராது. பிரவுச்சரில் பெரிதாக மினுக்குவதோ அந்த மொட்டைமாடிதான். கத்திரி வெயிலில் அங்கே கால் வைக்க முடியுமா? மெயின்டனன்ஸ் வேறு, பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்!

வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஐப்பசி மழை விட்டதும் ஒருமுறை போய் சீலிங் மூலைகளைப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருந்தால், பேரத்தை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.