வெந்நீரும் வெம்பாறையும்

நொசாவா ஒன்சென், ஜப்பானின் நகானோ பகுதியிலுள்ள பனிச்சறுக்கு ஊர். கருத்தரங்கு முடிந்து நண்பர்களுடன் அங்குத் தங்கிய ஆய்வாளர், கோலார் தங்கவயலின் பாலகாட்டில், லைன் வீட்டில் வளர்ந்தவர். மரபான ரியோக்கான் விடுதியில் காலணியை வாசலிலேயே கழற்ற வேண்டும். ததாமிப் பாய் பரப்பிய தரையில்தான் படுக்கை. நண்பர்கள் வியந்தனர். ஒற்றை அறையில் அறுவர் பாய் விரித்து உறங்கிய வீட்டிலிருந்து வந்தவருக்கு அதில் புதுமையில்லை.

அவரைத் திகைக்க வைத்தது வெந்நீர். அவ்வூரின் 13 பொதுக் குளியலிடங்களை ஊர்மக்களே பேணுகின்றனர். ஓகாமா ஊற்றின் ஏறத்தாழ 90 டிகிரி நீரில் கீரை வேகவைக்கின்றனர். நிலத்தடி வெப்பம் அங்கே ஊர்ப்பொதுச் சொத்து. உழைத்த உடலுக்கு ஓய்வு.

அவருடைய தந்தை அறிந்த நிலத்தடி வெப்பம் வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றைச் செலுத்தியே அங்கு வேலை நடந்தது. 2001இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஷிப்ட் முடிந்து வரும் தந்தை முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பார். தெருக்குழாயில் நின்று அவ்வாளியை நிறைத்து வைப்பது மகனின் வேலை.

அன்றிரவு கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்திருந்தவர், நண்பர்கள் உணவுக்கு அழைத்தும் நெடுநேரம் எழுந்து வரவில்லை.