பனகல் பார்க்கும் அப்பாவும் ஒரு கண்மாயும்

ராசிங்காபுரத்திலிருந்து மெட்ராஸ் வந்து ஆறு வருசமாச்சு. ஆணி புடுங்குவது கிண்டியில், குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஃப்ளாட் விலைக்கு வந்தது. முன்பணத்துக்கு ஊரில் இருக்கும் இலவந்தோப்பை விற்பதாக ஏற்பாடு. வீட்டைப் பார்க்க அப்பா மார்ச் மாசம் போடி ரயிலில் வந்தார்.

சாயங்காலம் தி.நகரைச் சுத்திக் காட்டினேன். ஜவுளிக்கடைக் கூட்டத்தை எல்லாம் அவர் கண்டுக்கவே இல்லை. "யாருடா இந்தப் பனகல்?" என்றார். வந்துச்சே எனக்கு வாய்ப்பு!

பனகல் ராஜா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி, நீதிக்கட்சிக்காரர். இந்த நகர் உருவானதே அவர் காலத்தில்தான். 1920ல் தேடி வந்த முதல் மந்திரி பதவியை வேணாம்னு சொன்ன பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு. பூங்காவுக்குப் பனகல், இன்னொரு பூங்காவுக்கு நடேசனார், ரோட்டுக்கு உஸ்மான். கட்சியின் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு மேப் போட்ட மாதிரி இருக்கும். பாண்டி பஜார் சவுந்தரபாண்டியனார் பெயரில் என்றதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பட்டிவீரன்பட்டிக்காரரா!" வத்தலக்குண்டு தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த ஊர்ப்பலகை ஆச்சே.

"அதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"ஏரிப்பா. நுங்கம்பாக்கத்துலருந்து இந்தப் பக்கம் நீளமா கெடந்த ஏரி. வெள்ளக்காரன் மேப்புல லாங் டேங்க்னு போட்டிருப்பான். 1923 வாக்குல வத்த வச்சு மனை பிரிச்சாங்க. மாம்பலத்துல இன்னும் லேக் வியூ ரோடு இருக்கு. ஏரிதான் இல்ல." ஜோக் அடித்த பெருமிதத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப மடை எங்கடா? கலுங்கு எங்க?"

நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சவனுக்குப் பதில் தெரியவில்லை. 2021 நவம்பர் மழைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஜி.என்.செட்டி ரோடெல்லாம் தண்ணி. என் பைக் சீட் வரைக்கும் முங்கி நின்றது. பாண்டி பஜாரில் 2019ல் அகல நடைபாதை திறந்து ரெண்டு வருசம்தான் ஆகியிருந்தது. எவ்வளவு அழகு! தண்ணிக்கு அதெல்லாம் தெரியுமா?

மறுநாள் ஃப்ளாட்டுக்குப் போனோம். புரோக்கர் சமையலறையைப் பத்தி அரைமணி நேரம் பேசினார். அப்பா உள்ளேயே வரவில்லை. கீழே காம்பவுண்டுச் சுவரில் புது பெயிண்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இடுப்பு உயரத்துக்குக் கீழே காரை பொலபொலவென உதிர்ந்தது.

"நம்ம வீடு எத்தனாவது மாடி?"

"ரெண்டாவதுப்பா. அங்கெல்லாம் தண்ணி வராது."

"அப்ப கீழ் வீட்டுக்காரன்?"

வேறெதுவும் சொல்லவில்லை. விக்காதேன்னும் சொல்லவில்லை, வாங்காதேன்னும் சொல்லவில்லை. ராத்திரி ரயிலேறிப் போய்விட்டார்.

நேத்து போன் பண்ணினார். தோப்பில் காய் வெடிக்க ஆரம்பிச்சிருச்சாம், பறிக்க ஆள் தேடுகிறாராம். புரோக்கரும் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். இன்னும் எடுக்கலை.