விரல்களுக்குத் தெரிந்த நாய்

பார்டர் டெரியர் நாயின் முடியை வெட்டக் கூடாது, பிடுங்க வேண்டும். இங்கிலாந்தின் வட எல்லையில், நார்தம்பர்லாந்தின் காக்கெட் பள்ளத்தாக்கில், ஒரு கிராமப் பொதுக்கூடத்தில் கூடியிருந்த நாய்க்காரர்கள் எனக்கு முதலில் சொன்னது இதைத்தான். சொன்னதோடு விடவில்லை. மேசையருகே அழைத்துப்போய் என் விரல்களை முடியில் வைத்தே காட்டினார்கள்.

மேசைமேல் வழுக்காத ரப்பர் விரிப்பு. அதில் ஒரு பெட்டை நாய் நான்கு காலையும் ஊன்றி நின்றது. அதன் சொந்தக்காரர் எழுபதைக் கடந்த அம்மையார். ஆடு வளர்க்கும் பண்ணையில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே தந்தையின் நாய்களுக்கு முடி பிடுங்கிப் பழகியவர். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தார். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாலைந்து முடிகளை மட்டும் நுனியில் பற்றினார். முடி வளர்ந்த திசையிலேயே, மணிக்கட்டை மடக்காமல், முழங்கையிலிருந்து ஒரு சின்ன இழுப்பு. முடி கையோடு வந்துவிட்டது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலிக்காதா என்று கேட்டேன்.

“உசிரோட இருக்குற முடிய இழுத்தா வலிக்கும். இது செத்த முடி. விழுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. நீங்களே இழுத்துப் பாருங்க.”

இழுத்தேன். வேர் பிடித்திருந்ததே தெரியவில்லை, அவ்வளவு எளிதாக வந்தது.

இந்த நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே கம்பி முடி. அடியில் பஞ்சாய் அடர்ந்த குட்டை முடி. கம்பி முடி ஓர் அளவுக்கு வளர்ந்ததும் உயிரை விட்டுவிடும், ஆனால் தானாக முழுவதும் உதிராது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது யாராவது எடுத்துவிட வேண்டும். முதுகில் வகிடு பிரிந்ததுபோல் முடி பிளந்து விழத் தொடங்கினால் பருவம் வந்துவிட்டது என்று பொருள். பழுத்த முடியைப் பிடுங்கினால் அந்த இடத்திலேயே புதுக் கம்பி முடி அதே நிறத்தோடும் அதே முரட்டுத்தனத்தோடும் முளைக்கும். மெஷின் வைத்து வழித்தால் மேல்பாதி போகும், செத்த அடிப்பாதி தோலிலேயே நிற்கும். முடி வரவர மென்மையாகும், நிறம் வெளுக்கும். அந்தப் பக்கத்துச் செவியட் மலையின் மழையில் அந்த மென்முடி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும். கம்பி முடியிலோ சேறு காய்ந்ததும் தட்டினால் உதிர்ந்துபோகும்.

கருவிகள் அதிகமில்லை. வழுக்காமல் பிடிக்கச் சுண்ணப்பொடி, விரலுக்கு ரப்பர் உறை, பற்கள் உள்ள ஒரு சிறு கத்தி. கத்தி என்றாலும் வெட்டுவதற்கல்ல, முடியைப் பற்றுவதற்கு. கூர் இருந்தால் வெட்டிவிடும் என்று மழுக்கியே வைத்திருக்கிறார்கள். முடி எடுப்பதற்கு முன் குளிப்பாட்ட மாட்டார்கள். ஈரமும் சோப்பும் முடியை மென்மையாக்கிவிடும், விரல் வழுக்கும். கழுத்தின் பின்புறம் தொடங்கி முதுகு, விலா, தொடை என்று இறங்கித் தலையைக் கடைசியில் எடுக்கிறார்கள். வயிற்றடியிலும் மறைவிடத்திலும் மட்டும் கத்தரிக்கோல். கை பழகியவருக்கே முழு நாய்க்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வீட்டில் செய்பவர்கள் பல மாலைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கண்காட்சிக்கு நாய் கொண்டுபோகிறவர்கள் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நாய் ஒருநாளும் மொட்டையாக நிற்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த அம்மையார் இவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவர், மூட்டுவலியோடு வந்திருந்த ஒரு கிழட்டு நாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்கு மெஷினே போடுங்க. ரெண்டு மணி நேரம் நிக்க வெக்கிறது பாவம்” என்றார். கருத்தடை செய்த நாய்களுக்கும் முடி சில சமயம் பஞ்சாகிவிடும், அதையும் வற்புறுத்திப் பிடுங்க வேண்டியதில்லை என்றார். முறையை இவ்வளவு ஆழமாக அறிந்தவருக்குத்தான் அதை எங்கே விட வேண்டும் என்பதும் தெரிகிறது.

அடுத்து அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது அளவெடுத்தல். நாயின் பின்னால் நின்று, முன்னங்கால்களைச் சற்றே உயர்த்தி, தோளுக்குப் பின்னே மார்பை இரு கைகளாலும் வளைத்துப் பிடிக்க வேண்டும். இரு கைகளுக்குள் மார்பு அடங்க வேண்டும். கண்காட்சி நடுவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். நரியின் மார்புச் சுற்றளவு சுமார் 14 அங்குலம் என்பது டெரியர்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்லும் கணக்கு. நரி நுழைந்த வளைக்குள் நாயும் நுழைந்து திரும்பி வர வேண்டும் என்றால் மார்பு அகலக் கூடாது. ஆண் நாய் 5.9 முதல் 7.1 கிலோ, பெட்டை 5.1 முதல் 6.4 கிலோ என்று இனத்தின் வரையறை எடை குறிக்கிறது. அன்று என் கைக்கு வந்த நாய்களில் சில அதைத் தாண்டிக் கனத்தன. கொழுத்த டெரியரைப் பார்த்து ‘செல்லமாக இருக்கிறது’ என்று யாரும் அங்கே சொல்லவில்லை. தீனியைக் குறைக்கச் சொன்னார்கள்.

விரலுக்கு அகப்படும் மற்றவையும் வேட்டைக்கென்றே அமைந்தவைதான். தோல் தடித்து, தளர்ந்து, பிடித்தால் கொத்தாக வரும். குறுகிய வளைக்குள் நாய் தன் தோலுக்குள்ளேயே திரும்பிக்கொள்ளலாம். எதிரியின் கடி சதைவரை இறங்காது. தலை நீர்நாயின் தலையை ஒத்திருக்க வேண்டும் என்று வரையறையே சொல்கிறது: அகன்ற மண்டை, குட்டையான வலுத்த மூக்குப்பகுதி. வால் அடியில் தடித்து நுனியில் மெலியும், நீளமும் மட்டானது. வளையிலிருந்து நாயை இழுத்தெடுக்க அதுதான் பிடி. கால்கள் மட்டும் மற்றக் குட்டை டெரியர்களைவிட நீளம். வேட்டையில் குதிரைகளின் பின்னால் நாள் முழுக்க ஓடியாக வேண்டுமே.

எல்லைப்புற மலைகளின் ஆட்டுப் பண்ணைகளில் ஆட்டுக்குட்டிகளைக் காக்க நரியை ஒடுக்கியவை இந்த நாய்கள். ஒருகாலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் பெயராலேயே காக்கெட்டேல் டெரியர் என்றும் அறியப்பட்டன. பார்டர் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவோடு இணைந்தே இப்போதைய பெயர் நிலைத்தது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1920இல் இதைத் தனி இனமாக ஏற்றது. அதற்கு முன்னும் பெல்லிங்ஹாம் போன்ற ஊர்களின் வேளாண் கண்காட்சிகளில் பண்ணையாளர்கள் இவற்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பதிவேடு வருமுன்னே இனம் இருந்தது. அதை வைத்திருந்தது இந்த மாதிரியான கைகள்தான்.

2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் இங்கிலாந்தில் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவது குற்றம். நிலத்தடியில் நாயை விடுவதற்குச் சட்டத்தில் மிகக் குறுகிய விலக்கு ஒன்றுண்டு, கடுமையான நிபந்தனைகளோடு. எலி பிடிப்பதற்குத் தடையில்லை. நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். கூடத்துக்கு வந்திருந்த ஒரு பண்ணையாளர் தானியக் கிடங்குகளில் நாய்களை விட்டு எலி பிடிப்பவர். நம்மூரில் எலிக்காய்ச்சல் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் சிறுநீரால் பரவுவது. அதற்கான தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போடாத நாயைத் தன் கிடங்குக்குள் விடமாட்டேன் என்றார்.

மற்றவர்களின் நாய்களுக்கு எலியும் இல்லை, நரியும் இல்லை. சோபாவும் தோட்டமும்தான். வேலைக்காகவே வார்த்தெடுத்த உடலும் மனமும் வேலையின்றி நிற்பதை என்ன செய்வது என்பதே இந்தக் கூட்டத்தின் மையக் கவலை என்று எனக்குப் பட்டது. நாயின் இயல்பை அடக்கி ஒடுக்கும் வழியை அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த இயல்புக்கு எங்கே இடம் ஒதுக்குவது என்று கேட்டார்கள். அதனால்தான் இவர்கள்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

பின்புற வயலில் ஓட்டம் நடந்தது. கயிற்றில் கட்டிய மென்மயிர்த் துணியை ஒரு சுழலி வேகமாகச் சுருட்டி இழுக்கும். அடைப்புப் பெட்டியின் கதவு தூக்கப்பட்டதும் டெரியர்கள் பாயும். முடிவில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிய சுவர், நடுவே ஒரு துளை. துணி துளைக்குள் மறையும், முதலில் அதற்குள் புகும் நாய் வென்றது. எல்லா நாய்க்கும் வாய்க்கூடு உண்டு. இல்லாவிட்டால் துளைக்கு அப்பால் கிளர்ச்சியோடு நிற்கும் நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். வென்ற நாய் எது என்பதைவிட, ஓட மறுத்து வைக்கோலை முகர்ந்துகொண்டே நின்ற ஒரு நாய்க்குத்தான் அதிகக் கைத்தட்டல் கிடைத்தது.

பயிற்சி சொல்லித்தந்தவர் முன்பு ஆட்டுநாய்களைப் பழக்கியவர். ஆட்டுநாய்க்கும் டெரியருக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கியது மனத்தில் நின்றது. கோலி என்ற ஆட்டுநாய் ஒவ்வொரு அடிக்கும் மேய்ப்பரின் முகத்தைப் பார்க்கும். அதன் வேலை கண்ணுக்கெட்டிய தூரத்தில், விசிலுக்குக் கட்டுப்பட்டு நடப்பது. டெரியரின் வேலை மண்ணுக்குள், இருட்டில், தனியாக. முன்னேறுவதா பின்வாங்குவதா என்று அங்கே அதற்குச் சொல்ல யாருமில்லை. தானே முடிவெடுக்கும் நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாக இனவிருத்திக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். “கூப்பிட்டா வரலைன்னா அதுக்குத் திமிருன்னு நினைக்காதீங்க. உங்க தாத்தா பாட்டன் காலத்துல அப்படி இருந்த நாயத்தான் நல்ல நாய்னு வெச்சுக்கிட்டாங்க” என்றார்.

அவர் முறை எளிமையானது. நீண்ட கம்பின் முனையில் கயிறு, கயிற்றில் துணிப் பொம்மை. பொம்மை ஓடும்போது நாய் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். காத்திருந்தால்தான் துரத்த அனுமதி. பிடித்ததை விட்டுக்கொடுத்தால் மறுபடி துரத்தலாம். பரிசு பிஸ்கட் அல்ல, துரத்தலே பரிசு. கூப்பிட்டால் திரும்புவதும் இப்படித்தான் படிகிறது: வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று நாய் கற்றுக்கொண்டால் வராது, வந்தால் தொடரும் என்று கற்றால் வரும். தோண்டுகிற நாய்க்குத் தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் குழி வெட்டி, அதில் பொம்மையைப் புதைத்து வைக்கச் சொன்னார். கிராம்பு மணக்கும் துணித் துண்டை அறையில் ஒளித்துத் தேடவிடும் விளையாட்டில் கால் மணி நேரத்திலேயே நாய்கள் களைத்துப் படுத்ததைப் பார்த்தேன்.

இரண்டு இடத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆடு மேயும் வயலில் எந்த டெரியரும் வாரில்லாமல் போகக் கூடாது. ஆட்டைத் துரத்தும் நாயைச் சில சூழல்களில் பண்ணையாளர் சுட்டாலும் சட்டம் அவருக்குத் துணைநிற்கும். முயல் வளைகள் நிறைந்த மேட்டிலும் அப்படியே. வளைக்குள் போன நாய் வேருக்கும் பாறைக்கும் இடையே சிக்கி நாட்கணக்கில் கிடக்கும். செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் கழுத்துப்பட்டை மண்ணுக்கடியில் உதவாது. வேலை செய்யும் டெரியர்களுக்கென்றே நிலத்தடியிலிருந்து சமிக்ஞை அனுப்பும் தனிப் பட்டைகள் இருக்கின்றன. அதை வைத்து இடத்தைக் கணித்து, மேலிருந்து நேராகத் தோண்டி எடுப்பார்கள்.

பிற்பகலில் பேச்சு நோயின் பக்கம் திரும்பியது. ஒருவர் தன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். அவருடைய நாய் சமையலறைத் தரையில் தள்ளாடுகிறது, கால்கள் விறைக்கின்றன, முதுகு வளைகிறது. நிற்க முடியவில்லை. ஆனால் கண்கள் விழிப்போடு அவரையே பார்க்கின்றன. பெயர் சொன்னால் காது அசைகிறது. சற்று நேரத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்துபோகிறது.

பார்டர் டெரியர்களுக்கு வரும் இந்த நோயை ஸ்பைக் என்ற நாயின் பெயரால் ஸ்பைக் நோய் என்றே உரிமையாளர்கள் வழங்கிவந்தார்கள். மருத்துவர்கள் பலர் வலிப்பு என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள், பலன் இல்லை. நாய் நினைவோடு இருக்கிறது, வயிறு இரைகிறது, தீனியை மாற்றினால் குறைகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வீட்டில் நாயோடு இருந்தவர்கள். 2015இல் கால்நடை மருத்துவ ஆய்விதழில் வெளியான ஆய்வு, இந்த நாய்களின் ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதையும், கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டனை நீக்கிய உணவால் அவை தேறுவதையும் காட்டியது. வீடியோ காட்டியவரின் நாய்க்கு இப்போது அரிசி, உருளைக்கிழங்கு, இறைச்சி, மீன். பக்கத்து வீட்டுக் குழந்தை தரும் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது என்று அதன் கழுத்துப்பட்டையிலேயே எழுதிக் கட்டியிருந்தார்.

அப்போது குட்டிகள் விற்கும் ஒரு பெண் எழுந்தார். தன்னிடம் பிறந்த ஒரு குட்டிக்கு இந்த நோய் தெரிந்திருக்கிறது, அதன் தாயையும் தந்தையையும் இனி இனச்சேர்க்கைக்கு விடப்போவதில்லை என்று சொல்லி, இரண்டின் பதிவுப் பெயர்களையும் சத்தமாகப் படித்தார். அந்தத் தந்தை கண்காட்சிகளில் பரிசு வாங்கிய நாய். அதன் வழிவந்த குட்டிகள் அந்தக் கூடத்திலேயே இருந்தன. இதைச் சொன்னதால் அவருக்குப் பண நட்டம், பெயர் நட்டம் இரண்டும் வரும். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று நான் கண்டவற்றில் மிகப் பெரிய காரியம் இதுதான் என்று சொல்வேன்.

முடி பிடுங்கக் கற்றுத்தந்த அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அந்தத் தந்தை நாய்க்கு யார் யாரிடம் ஈற்று இருக்கிறது, எந்த ஆண்டு, குட்டிகள் எங்கே போயின என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதத் தொடங்கினார்.