ஐஸும் இல்லை, தண்ணீரும் இல்லை

2018 நோன்பு விடுமுறை. அந்த வருடம் எங்கள் முஸ்லிம் பாடசாலைகள் மே நடுப்பகுதியில் மூடப்பட்டன. இருவரும் ஆசிரியர்கள், சேர்ந்து தூரப் பயணம் போக எங்களுக்குக் கிடைக்கும் ஒரே காலம் அதுதான். நியூயோர்க்கில் இருக்கும் மகளிடம் போனோம். அங்கே நோன்பு திறக்க இரவு எட்டு மணி தாண்டும்.

பேரனுக்கு அப்போது ஐந்து வயது. போன இரண்டாம் நாளே, "மூத்தவாப்பா, மூத்தம்மா, வாங்க, ஐஸ் காட்டுறன்" என்று கையைப் பிடித்து இழுத்தான். சென்ரல் பார்க்கின் வடக்கு மூலை, ஹார்லெம் பக்கம். அங்கே 1966இல் திறந்த லாஸ்கர் தடாகம் இருந்தது. கோடையில் பொது நீச்சல் தடாகம், குளிர்காலத்தில் சறுக்கு மைதானம்.

நாங்கள் கண்டது வெறும் கொங்கிரீட். ஐஸ் எப்போதோ கரைந்துவிட்டது. தடாகம் திறப்பதோ ஜூன் கடைசியில். பூட்டிய கம்பி வேலிக்குள்ளே காய்ந்த தரை. பிள்ளை வேலியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான். "இங்கதான் இருந்திச்சு, நான் பொய் சொல்லல்ல."

அவன் சொன்னது பொய்யில்லை என்று நிரூபிக்க, எங்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவர் அங்கேயே குந்தி பாடம் எடுத்தார். இப்படியான தரைக்குக் கீழே குழாய்கள் போகும். உப்புக் கரைசல் போல, பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாத திரவத்தைக் குளிராக்கி அவற்றில் ஓட விடுவார்கள். மேலே தண்ணீரை மெல்லிய படைகளாகத் தெளிக்கத் தெளிக்க, ஒவ்வொன்றாக இறுகும். குளிரூட்டியை நிறுத்தினால் ஐஸ் கரைந்துவிடும். "அப்ப நீ கண்டது உண்மை மகன்" என்றதும்தான் அழுகை நின்றது.

ஒரே இடத்தில் இரண்டு பயன், சிக்கனம்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் வரும் மாதங்களை யார் யோசித்தது? வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது பூட்டிய வேலிதான்.

இன்னொரு பிழையும் இருந்தது. பூங்காவின் ஓடை ஹார்லெம் மீர் என்ற குளத்தில் போய்ச் சேரும் வாயிலேயே இதைக் கட்டி, ஓடையைக் குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். பெருமழைக்கு வெள்ளம். வாய்க்காலை மறித்து வீடு கட்டினால் மாரியில் என்ன நடக்கும் என்று எங்கள் ஊர் வயல்காரரைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார்கள்!

2021இல் மூடி இடித்தார்கள். 160 மில்லியன் டொலர் செலவில் புதிய கட்டடம் சரிவுக்குள் அடங்கினாற்போல் எழும்பியது. மேலே புல் கூரை. ஓடை மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. கோடைக்கு நீச்சல், குளிருக்கு ஐஸ், நடுமாதங்களில் பிள்ளைகள் ஓடி விளையாடத் திறந்த வெளி. 2025 ஏப்ரலில் திறந்தார்கள். திட்டமிட்டவர்களுக்குப் பாராட்டுச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நான்கு வருடமும் அங்கே நீந்தாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது திரும்பிக் கிடைக்காது. எங்கள் பேரன் அதில் ஒருவன்.

இப்போது அவனுக்குப் பன்னிரண்டு. நேற்று வீடியோவில் அழைத்தான். தலை ஈரம், பின்னால் நீலத் தண்ணீர், ஒரே கூச்சல்.

"இந்த முறை ஐஸுக்கு வாங்க மூத்தம்மா."

கலண்டரைப் பார்த்தோம். நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, அடுத்தது பெப்ரவரி நடுப்பகுதியில் வருகிறது. அங்கே நல்ல குளிர். ஐஸ் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

விமான டிக்கெட் விலையை இவர் இன்னும் பார்க்கவில்லை. முழங்கால் வலிக்கு எண்ணெய் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறார்.