களிமண் புறாவுக்கு ஒரு விருந்து

"சனிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கிச் சங்கத்திலே விருந்து. நீயும் வர்றியா, அம்மா?" என்று என் பெண் கேட்டபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரோடு பாதி அரிசியும் தொட்டியில் போய்விட்டது. பின்னே என்ன? நீங்களே சொல்லுங்கள். கல்யாண விருந்து தெரியும். வளைகாப்பு விருந்து தெரியும். துப்பாக்கிக்கு விருந்து என்று எந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா?

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேடன் நகரில் என் பெண் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கேயே நர்ஸாக இருக்கும் ஓர் அம்மாள் அவளுக்கு நெருங்கிய சிநேகிதி. நர்ஸம்மாளுக்கு வீடு டார்க் ஜில்லாவில், கிரீன்வில் பக்கம். தினம் நாற்பது மைல் காரோட்டிக்கொண்டு வருகிறாள். அவளுடைய பதினாலு வயதுப் பெண், பள்ளிப் பிள்ளைகளின் சுடும் குழுவில் இருக்கிறாளாம். அந்தக் குழுவின் வருஷச் செலவுக்காக ஊரார் கூடி நடத்துகிற விருந்துதான் இது.

எனக்குப் போக மனசே இல்லை. காரணம் சொன்னால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். 2019 ஆகஸ்டு 4-ம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, டேடனில் ஆரிகன் டிஸ்ட்ரிக்ட் என்னும் கடைத்தெருவில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து ஒன்பது பேரைக் கொன்றான். போலீஸார் அவனைச் சுட்டு வீழ்த்த அரை நிமிஷம்தான் ஆயிற்று. அந்த அரை நிமிஷத்தில் ஒன்பது உயிர்! அன்று இரவு என் பெண்ணைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் நான் பட்ட பாட்டைப் பகவான்தான் அறிவார். அப்படியிருக்கத் துப்பாக்கி விருந்தாவது, நான் போகிறதாவது!

"அன்று ராத்திரி டியூட்டியில் இருந்தவள் அவள்தான், அம்மா" என்றாள் என் பெண், நர்ஸைப் பற்றி.

அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் முறுக்குக்கு மாவு சலித்தேன். விருந்துக்கு வருகிறவர்கள் ஏதாவது தின்பண்டம் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மார்ச் மாதத்து ஒஹாயோவை நீங்கள் பார்க்கவேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவைப்போல் தட்டையான பூமி. ஆனால் பச்சை கிடையாது. அறுத்துப்போட்ட சோளத்தட்டை கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெளிறிக் கிடக்கிறது. நடுநடுவே சிவப்புச் சாயம் அடித்த தானியக் கொட்டகைகள், ஆளில்லாத கோபுரம்போல் நிற்கும் சேமிப்புக் குதிர்கள். சோளம், சோயா, கோழி, பன்றி — இவைதாம் அந்த ஜில்லாவின் செல்வம்.

கிரீன்வில் சின்ன ஊர்தான். ஆனால் உங்களில் சிலர் ஆசைப்பட்டு விலை விசாரித்திருக்கக்கூடிய ஒரு வஸ்து அங்கே பிறக்கிறது. மாவு பிசைகிற கிச்சன்எய்ட் மிக்ஸர்! 1940-களிலிருந்து அந்த ஊர்த் தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு: 1934 முதல் நடக்கும் ஒரு சாண்ட்விச் கடையின் வெளிச்சுவர் முழுவதும், வருகிறவர்கள் மென்று ஒட்டிய சூயிங்கம். அதைப் பார்த்த பிறகு எனக்கு அரைமணி நேரம் பசியே இல்லை.

ஊரின் நடுவில் ஒரு வெண்கலச் சிலை. பாவாடை கட்டிய ஒரு பெண், கையில் துப்பாக்கி. அன்னி ஓக்லி! 1860-ல் இந்த ஜில்லாவில் ஓர் ஏழைக் குடியானவன் வீட்டில் பிறந்தவள். ஐந்து வயசில் தகப்பனார் போய்விட்டார். பத்து வயசுக்குள் அநாதை விடுதியில் வாசம். பிறகு ஒரு குடும்பத்தில் எடுபிடி வேலை. அங்கே பட்ட அடியையும் பட்டினியையும் மறக்கமுடியாமல், கடைசிவரைக்கும் அந்த வீட்டாரின் பெயரைச் சொல்லாமல், "ஓநாய்கள்" என்றே குறிப்பிட்டாளாம். வீட்டுக்குத் தப்பி வந்து, தகப்பனாரின் பழைய துப்பாக்கியால் காடை, முயல் சுட்டுக் கிரீன்வில் கடைக்கு விற்றாள். அந்தப் பணத்தில் அம்மாவின் வீட்டுக் கடனைத் தீர்த்தாள். அதற்கப்புறம் பஃபலோ பில்லின் காட்சியில் சேர்ந்து ஐரோப்பா வரைக்கும் போய்ப் புகழ் பெற்றதெல்லாம் வேறு கதை. கூடாரத்தில் ஓய்வாக இருக்கும்போது பூத்தையல் போடுவாளாம். எனக்குப் பிடித்தது அதுதான். 1926 நவம்பரில் இதே கிரீன்வில்லில் காலமானாள். பதினெட்டு நாள் கழித்துக் கணவரும் போய்விட்டார்.

விருந்து, ஊருக்கு வெளியே ஒரு பொதுக்கூடத்தில். நுழைந்ததும் முதலில் மூக்கைத்தான் சொல்லவேண்டும்: பொரித்த கோழி, வெண்ணெய், காபி. நீளமான மேஜைகள்மேல் வெள்ளைக் காகிதம் விரித்து, ஒவ்வொன்றிலும் எட்டு நாற்காலி. என்னைப்போன்ற மரக்கறிக்காரிக்கு மசித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் என்றார்கள். பீன்ஸை வாயருகே கொண்டுபோன பிறகல்லவா என் பெண், "அம்மா, அதிலே பன்றிக்கறி போட்டுத்தான் வேகவைப்பார்கள்!" என்று கையைப் பிடித்தாள்! உருளைக்கிழங்கும் ரொட்டியுமாக என் விருந்து முடிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாளின் பெண்ணிடம், "நீ எதைச் சுடுவாய், குழந்தை?" என்று கேட்டேன். ஒரு காகிதத் தட்டை எடுத்துக் காற்றில் வீசிக் காட்டினாள். "இதைப்போல, ஆனால் நாலே கால் அங்குலம்தான் இருக்கும். ஆரஞ்சு நிறம். பாதி மண்ணில் புதைத்த சின்ன அறையிலிருந்து யந்திரம் வீசும். எந்தப் பக்கம் போகும் என்று முன்னால் தெரியாது. நாம் 'புல்' என்று கத்தவேண்டும், அவ்வளவுதான்."

அதற்குப் பெயர் களிமண் புறா. ஒரு காலத்தில் நிஜப் புறாக்களையே கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டார்களாம். 1880-ல் இதே ஒஹாயோவின் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகாவ்ஸ்கி, சுட்ட களிமண்ணில் தட்டு செய்து அந்தப் பாவத்தைக் குறைத்தார். (இப்போது கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துச் செய்கிறார்கள், பெயர் மட்டும் களிமண்.) ஆனாலும் கோடிக்கணக்கில் பறந்துகொண்டிருந்த பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்று பெயர், 1914-ல் அதே சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலைக் கூண்டில் செத்தது.

ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. தோட்டாப் பெட்டியிலும் இருபத்தைந்து. ஒரு சுற்று முடிந்தால் ஒரு பெட்டி காலி. பன்னிரண்டு பிள்ளைகள் வாரம் இரண்டு சுற்று சுட்டால் அறுநூறு தோட்டா, அறுநூறு தட்டு. கணக்குப் புரிகிறதல்லவா? விருந்து இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும்தான் சுடும்.

இந்த விருந்தின் சூட்சுமத்தை உங்கள் மாதர் சங்கத்துக்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன். டிக்கெட் விலையில் லாபம் பார்க்கக்கூடாது. அது சோற்றுக்கும் கூடத்து வாடகைக்கும் சரியாகப் போகவேண்டும். லாபம் முழுவதும் ஏலத்திலும் பரிசுச் சீட்டிலும்தான். அதற்கான சாமான்களை நாலைந்து மாசத்துக்கு முன்பே கடை கடையாக ஏறி இனாமாக வாங்கிவிடவேண்டும். விறகு ஒரு வண்டி, டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக் கொடுக்க ஒரு சீட்டு, வெட்டிச் சுத்தம் செய்த அரைப் பன்றி — எல்லாம் தானமாக வந்தவை. இனாமாக வந்த சாமானுக்கு எந்த விலை கிடைத்தாலும் முழுசும் லாபம்தானே!

சாதாரணமாக இப்படிப்பட்ட விருந்துகளில் சுவரோரம் துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்திவிடுவார்களாம். சீட்டு அவற்றுக்குத்தான் அமோகமாக விற்கும். ஜெயித்தவர் அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறதில்லை. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, குற்றப் பதிவு உண்டா என்று சர்க்காரைக் கேட்டு, சரியென்ற பிறகே கையில் கிடைக்கும். 1998-லிருந்து அந்த ஏற்பாடு.

இந்த வருஷம் சுவரோரம் ஒரு துப்பாக்கி கூட இல்லை. ஏன் என்பதை என் பெண் காதோடு சொன்னாள். நர்ஸம்மாள் கமிட்டியில் எழுந்து, "சமைக்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன், வீடு வீடாக டிக்கெட் விற்கிறேன். துப்பாக்கிச் சீட்டை மட்டும் இனி என் கையால் விற்கமாட்டேன்" என்றுவிட்டாளாம். அந்த ஊரில் அதிகம் டிக்கெட் விற்கிறவளே அவள்தான்! பொருளாளர் ஒரு கிழவர்; நாற்பது வருஷமாகக் கோழிப்பண்ணை நடத்துகிறவர். "அம்மா, நீ சொல்கிறது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பாதி வரும்படி அதிலிருந்துதான். பன்னிரண்டு பிள்ளைகளில் எந்த ஆறு பேரை நிறுத்தட்டும், சொல்" என்று கேட்டாராம். மூன்று கூட்டம் பேசியும் முடியாமல், கடைசியில் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று வைத்தார்கள். துப்பாக்கிக்குப் பதிலாகப் பெண்கள் கூடித் தைத்த ஒரு குவில்ட் போர்வையும், ஒரு சிவப்பு மிக்ஸரும்.

எனக்கு நர்ஸம்மாள் பக்கம்தான் மனசு. ஆனாலும் கிழவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததா என்றால், இல்லை. அவள் பெண்ணே சுடுகிறாளே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. கேட்கவில்லை. அவளாகவே காபி ஊற்றும்போது சொன்னாள்: "அந்த மைதானத்தில் இருக்கும்போதுதான் துப்பாக்கியைப் பார்த்து எனக்குப் பயமில்லை. துப்பாக்கியைத் திறந்து காட்டாமல் எந்தக் குழந்தையும் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது."

ஏலம் ஆரம்பித்தது. நம் ஊரில் ஒரு தரம், இரண்டு தரம் என்று நிதானமாகக் கூவுவார்கள். இங்கே ஏலக்காரர், ரயிலுக்கு நேரமாகிவிட்டவர் சஹஸ்ரநாமம் சொல்வதுபோல் மூச்சுவிடாமல் பொழிகிறார். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன்; அரைப் பன்றி என் தலையில் விழுந்திருக்கும்! என் பெண் கையை இழுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மிக்ஸர் நல்ல விலைக்குப் போயிற்று. போர்வை வந்தபோது கூடம் கொஞ்சம் ஓய்ந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், நின்றுவிட்டார்கள். நர்ஸம்மாள் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். அப்போது எதிரெதிர் மேஜையில் இருந்த இரண்டு பாட்டிமார்களுக்கு என்ன பழைய பகையோ தெரியாது, ஒருவரையொருவர் பார்க்காமலே ஏற்றிக்கொண்டு போனார்கள் பாருங்கள்! ஜெயித்த பாட்டி போர்வையை அங்கேயே தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் பட்சண ஓட்டம். ஒவ்வொரு மேஜையும் தங்களால் முடிந்ததை உறையில் போட்டுக் கொடுக்கவேண்டும். அதிகம் கொடுத்த மேஜைக்காரர் முதலில் ஓடிப்போய்ப் பிடித்த கேக்கை எடுக்கலாம். அடுத்த தொகைக்கு அடுத்தவர். தொப்பி போட்ட பெரிய மனுஷர்களெல்லாம் ஓடினார்கள்! சாக்லேட் கேக், ஆப்பிள் பை, எல்லாம் பறந்தன. கடைசியில் மேஜைமேல் மிஞ்சியது ஒன்றே ஒன்று: என் முறுக்கு டப்பா. கடைசித் தொகை கொடுத்தது பொருளாளர் மேஜை. கிழவர் டப்பாவைத் திறந்து, அது உண்பதா, ஏதாவது யந்திரத்தின் உதிரிப் பாகமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மூலை மேஜையில் பணம் எண்ணினார்கள். கிழவர் இரண்டு தடவை கூட்டினார். "போன வருஷத்தைவிடக் குறைவு. தோட்டாவுக்கும் தட்டுக்கும் போதும், மாநிலப் போட்டிக்குப் போகிற செலவுக்குப் போதாது" என்றார்.

"கோடையில் கார் கழுவிக் காசு சேர்க்கிறோம்" என்றாள் பெண்.

"அடுத்த வருஷம் மறுபடியும் பேசவேண்டியிருக்கும்" என்றார் கிழவர், நர்ஸம்மாளைப் பார்த்து.

"பேசலாம்" என்றாள் அவள், மேஜைக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே.

நாங்கள் காரில் ஏறும்போது கிழவர் வேகமாக வந்து கண்ணாடியைத் தட்டினார். கையில் என் டப்பா, காலி. அடுத்த மார்ச்சில் நான் இங்கே இருப்பேனா, இருந்தால் இரண்டு டப்பா செய்யமுடியுமா, ஒன்றைத் தனியாக ஏலத்தில் வைக்கலாம் என்று கேட்டார். விசா ஆறு மாசத்துக்குத்தான் என்றேன். அப்படியானால் செய்முறையை எழுதிக் கொடுங்கள் என்று அங்கேயே ஏலச் சீட்டின் பின்புறத்தை நீட்டினார்.